தனி ஆளாக உள்ளூர் அரசியல் எழுத: ராமநாதபுரம் கடலோரத்துக்கான முழுமையான வழிகாட்டி

கட்சிப் பத்திரிகையில் இல்லை, சம்பளம் தரும் செய்தி நிறுவனத்திலும் இல்லை. ஆனாலும் தன் ஊர் அரசியலை எழுத வேண்டும் என்று வருகிறவர்களுக்காக இது. அச்சடித்து டீக்கடையில் வைக்கப்போகிறீர்களா, செல்போனில் அனுப்பப்போகிறீர்களா என்பது கடைசியில் வரும் கேள்வி. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாகக் கீழே இருக்கின்றன.

வரிசையை அழுத்திச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. அவர்கள் தடுக்கி விழுவது வரிசை மாறுவதால்தான். முதலில் கட்சிக்காரரிடம் பேசுகிறார்கள், பிறகு கரையில் விசாரிக்கிறார்கள், கடைசியில் ஆவணம் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: ஆவணம், கரை, கட்சிக்காரர்.

விளக்குவதற்கு ஓர் உதாரணத்தை வழிநெடுக வைத்துக்கொள்வோம். ஒரு கடலோர ஊராட்சியில் மீன் உலர்தளம் கட்டி முடித்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஊர்ப் பெண்கள் இன்னமும் மணலில்தான் கருவாடு காயப்போடுகிறார்கள். "தளத்தையே முழுங்கிட்டாங்கண்ணே" என்று ஒருவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேறு வருமானம் வேண்டும். டியூஷனோ, கடையோ, கணக்கெழுதும் வேலையோ ஏதோ ஒன்று. வீட்டு அரிசிக்கு எழுத்தை நம்பினால், முதல் தேர்தல் விளம்பரம் வாசலுக்கு வரும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

இரண்டு நோட்டுகள் வேண்டும். ஒன்றில் பார்த்தது, கேட்டது, தேதி, நேரம். இன்னொன்றில் போட்ட மனுக்கள், அனுப்பிய நாள், பதில் வர வேண்டிய நாள். எல்லாம் போனில் இருக்கிறதே என்பார்கள். போன் உப்புத் தண்ணீரில் விழும். சமயத்தில் காவல் நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ராமநாதபுரம் நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு வக்கீலை இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நோட்டீஸ் வந்த அன்று தேடினால், கிடைக்கிறவர் யாருடைய ஆள் என்று விசாரிக்கவே ஒரு வாரம் போய்விடும்.

வெளியிடும் முன் படித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். உங்கள் கருத்தோடு ஒத்துப்போகாதவராக இருந்தால் மிகவும் நல்லது. நண்பர் பாராட்டுவார், எதிர்க்கருத்துக்காரர் ஓட்டையைக் காட்டுவார்.

1. எல்லையைச் சுருக்குங்கள்

வருகிறவர்கள் அநேகமாகக் கச்சத்தீவில் ஆரம்பிக்கிறார்கள். அதை எழுதக் கூடாது என்பதல்ல. எல்லோரும் பேசியதையே நீங்களும் பேசுவீர்கள், புதிதாக ஒரு தகவலும் தர மாட்டீர்கள், ஆனால் ஒரு பக்கத்தின் ஆள் என்ற பெயர் மட்டும் வந்துவிடும்.

முதல் ஒரு வருடத்துக்கு ஒரு துறை, சில ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமடமும் பாம்பனும் என்றால் அது மட்டும். மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் என்றால் அது மட்டும். இறங்குதளம், மானிய டீசல், மீன்பிடித் தடைக்கால நிவாரணம், குடிநீர், உப்பளக் கூலி என்று எழுத நிறைய இருக்கிறது.

விஷயத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். அதற்கு அரசு அலுவலகத்தில் காகிதம் இருக்குமா? பேருந்தில் போய் நேரில் பார்க்க முடியுமா? அதில் எனக்கோ என் வீட்டுக்கோ நேரடி லாபநட்டம் உண்டா? முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதற்கு இல்லை என்று வந்தால் எடுங்கள். உலர்தள விவகாரம் இதில் தேறுகிறது.

2. உங்கள் ஒட்டுறவுகளை எழுதி வையுங்கள்

இந்தக் கரையில் யாரும் தனி ஆள் இல்லை. படகுச் சங்கம், ஜமாஅத், தேவாலயப் பங்கு, சாதிச் சங்கம், மாமன் மச்சான், வாங்கிய கடன் என்று ஒவ்வொருவரும் எதிலாவது கட்டுண்டுதான் இருக்கிறோம். ஒட்டு இல்லாதவனாக நடிப்பதைவிட, எது எது ஒட்டு என்று தெரிந்து வைத்திருப்பது பயன்படும்.

ஒரு தாளில் எழுதுங்கள்: சொந்த ஊர், வீட்டில் யாருக்குப் படகு உண்டு, விசைப்படகா நாட்டுப்படகா, எந்தக் கட்சியில் யார், யாரிடம் கடன், யார் சிபாரிசில் வேலை கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: எழுத மாட்டேன், சொல்லிவிட்டு எழுதுவேன், தடையில்லை.

விசைப்படகுச் சம்மாட்டியின், அதாவது படகு உரிமையாளரின் மகன் நாட்டுப்படகுக்காரர்களின் புகாரை எழுதலாம். ஆனால் முதல் பத்தியிலேயே "எங்கள் வீட்டில் விசைப்படகு உண்டு" என்ற வரி இருக்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் கரை சொல்லும். "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான் இங்கே வாசகர் கேட்கும் முதல் கேள்வி. அதற்கான பதிலை அவர் வேறு ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டால், நீங்கள் எழுதிய அத்தனையும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடும்.

3. காகிதத்தைப் பிடியுங்கள்

வேலையில் முக்கால்வாசி இங்கேதான். மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

*தகவல் உரிமை மனு.* 2005-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு சொல்கிறது. பதிலுக்கு 30 நாள்.

பெரும்பாலான மனுக்கள் வீணாவது கேள்வியின் வடிவத்தால்தான். "உலர்தளம் ஏன் கட்டப்படவில்லை? ஊழலுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால், "விளக்கம் கோருவது தகவல் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதுவும் சட்டப்படி சரியான பதில்தான். இருக்கிற ஆவணத்தின் நகலை மட்டுமே கேளுங்கள். உலர்தளத்துக்கு இப்படி:

நிர்வாக அனுமதி ஆணையின் நகல். மதிப்பீட்டின் நகல். ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய தேதி, தொகைப் பட்டியல். அளவீட்டுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்களின் நகல். பணி முடிப்புச் சான்றின் நகல். பணி நடந்த இடத்தின் புல எண் (சர்வே நம்பர்).

இதில் அளவீட்டுப் புத்தகம்தான் உயிர். அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர், எந்த நாளில் அளந்தார்கள், யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்கும். புதியவர்கள் மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மனுவில் ஒரு விஷயம் மட்டும். உலர்தளத்தோடு சாலை, தெருவிளக்கு, குடிநீர் என்று சேர்த்தால் மனு நாலு மேசைக்குப் பிரிந்து போகும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் கவலைப்படாதீர்கள். 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, 6(3) பிரிவு.

30 நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அங்கும் ஒன்றும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. நோட்டு எதற்கு என்று இப்போது தெரியும். நாளைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து மனுப் போடுகிறவர்கள்தான் அதிகம். நேரம் கடந்து தகவல் தந்தால் நகல் கட்டணம் கேட்கக் கூடாது என்பது 7(6).

தனிநபர் விவரம் என்று சொல்லி மறுப்பது இனி அதிகமாகும். 8(1)(ஜெ) பிரிவை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்திவிட்டது. அதனால் பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் என்று கேட்காமல், ஊர்வாரி எண்ணிக்கை, தொகை என்று கேட்பது புத்திசாலித்தனம்.

*நில ஆவணம்.* புல எண் கிடைத்ததும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அ-பதிவேடும் (நிலம் யார் பெயரில் என்று காட்டுவது) புலப்படமும் (நிலத்தின் எல்லையைக் காட்டுவது) பாருங்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போன புதியவர் ஒருவரின் கதை இது. தளம் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னார். புலப்படத்தில் பார்த்தால் அது பக்கத்துக் குடியிருப்பின் எல்லையில் இருந்தது. தளம் கட்டப்பட்டிருந்தது, பூட்டியும் இருந்தது. உண்மையான செய்தி அந்தப் பூட்டில் இருந்தது: சாவி யாரிடம், ஏன் இந்த ஊர்ப் பெண்களுக்கு அங்கே இடமில்லை? ஊழல் என்று கத்திய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் இல்லை.

*வேட்பாளரின் பிரமாணப் பத்திரம்.* படிவம் 26. சொத்து, கடன், வழக்கு, கல்வி எல்லாம் அதில் உண்டு. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். "ஐந்து வருடத்தில் பத்து மடங்கு" என்று எழுத ஆசை வரும். பொறுங்கள். அசையாச் சொத்தில் வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு என்று தனித்தனி இடங்கள் இருக்கின்றன. ஒரு தேர்தலின் வாங்கிய விலையை அடுத்த தேர்தலின் சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் யாரும் கோடீஸ்வரர்தான். மனைவி, வாரிசுகளின் பத்திகளையும் தனியே கூட்டுங்கள்.

பெயரைச் சரிபார்ப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரும் முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் நின்றார்கள். பெயரை மட்டும் வைத்துப் பத்திரத்தைத் திறந்தவர் யாருடைய சொத்தைக் கணக்கிட்டிருப்பார்? தந்தை பெயர், முகவரி, சின்னம் மூன்றும் பொருந்த வேண்டும்.

*வாக்குச்சாவடிக் கணக்கு.* படிவம் 20-இல் சாவடிவாரியாக யாருக்கு எத்தனை என்று இருக்கும். இரண்டு தேர்தலை ஒப்பிடும்போது சாவடி எண்ணை நம்பாதீர்கள். சாவடிகள் பிரியும், சேரும், எண் மாறும். அதில் சேர்ந்த தெருக்களை வைத்து ஒப்பிடுங்கள். இன்னொன்று: ஒரே ஒரு சாவடி உள்ள சின்ன மீனவக் குடியிருப்பை எடுத்து "இவர்கள் இன்னாருக்குப் போட்டார்கள்" என்று எழுதுவதை நான் தவிர்ப்பேன். தகவல் பொதுவில் இருப்பதுதான். ஆனால் தண்ணீர் லாரி அந்தத் தெருவுக்கு வருவது நின்றால் அந்தப் பாவம் யாருக்கு?

*கிராம சபை.* ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு நாளும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். பேச்சைவிடத் தீர்மானப் பதிவேடு முக்கியம். கூட்டத்தில் சொன்னது ஒன்று, பதிவேட்டில் ஏறியது ஒன்று என்பது சகஜம். நம் மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களுக்குப் போனது. ஆகவே எந்தத் தேதியில் எந்தக் கையெழுத்து என்பதைப் பார்த்துவிட்டு "தலைவர்" என்று எழுதுங்கள். பழைய தலைவர் மேல் பழி போட்டு, அந்த நாளில் அவர் பதவியிலேயே இல்லை என்று தெரியவந்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

*ஒப்பந்த வாசகம்.* கச்சத்தீவை எழுதும் நாள் வந்தால், இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணம் இல்லாமல் தீவுக்குச் சென்றுவரலாம் என்கிறது. ஆறாம் பிரிவு இரு நாட்டுப் படகுகளுக்கும் வழக்கமாக இருந்துவந்த உரிமை தொடரும் என்கிறது. 1976-இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டுப் படகுகள் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. மேடையில் ஒருவர் முதல் காகிதத்தை மட்டும் படிப்பார், இன்னொருவர் இரண்டாவதை மட்டும். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி சட்டமன்றம் மீட்புத் தீர்மானம் போட்டபோதும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: எந்தக் காகிதத்தின் எந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

4. கரைக்குப் போங்கள்

காகிதம் கையில் வந்த பிறகு போவதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் எதைக் கேட்பது என்று தெரியும். வெறுங்கையோடு போனால், முதலில் பேசுகிறவரின் கோபத்தைச் சுமந்துகொண்டு திரும்புவீர்கள்.

நாள் பார்த்துப் போங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பகுதியில் விசைப்படகு கடலுக்குப் போகும் நாள் திங்கள், புதன், சனி. அந்த நாட்களில் டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டு), ஐஸ், டீசல் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள்; பேச்சுக் கொடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மற்ற நாட்களில் வலை பழுது பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தால் தானாகப் பேச்சு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நீண்ட பேட்டிகளை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

சங்கத் தலைவரோடு நிறுத்திக்கொள்வது இங்கே நடக்கும் பெரிய பிழை. அவரிடம் பேச எளிது, எண்ணும் எல்லோரிடமும் இருக்கும். ஆனால் சம்மாட்டியின் கணக்கு வேறு, கூலிக்குப் போகிறவரின் கணக்கு வேறு. கருவாட்டுப் பெண்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், ஏலக்கடையில் நிற்பவர் ஆகியோரைத் தனித்தனியாகக் கேளுங்கள். தலைவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

போனில் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "பேர் போடலாமாக்கா, வேண்டாமா?" என்பதைப் பேச்சு முடிந்த பிறகு கேளுங்கள், என்ன சொன்னோம் என்று தெரிந்த பிறகுதான் அவரால் முடிவெடுக்க முடியும். வேண்டாம் என்றால் ஊர், வயது, படகின் நிறம் உட்பட அடையாளம் எதுவும் வரக் கூடாது. நானூறு வீடு உள்ள ஊரில் "கணவனை இழந்த, மூன்று பிள்ளைகள் உள்ள கருவாட்டு வியாபாரி" என்று எழுதுவது பெயரை எழுதுவதற்குச் சமம்.

மீனவர் கைதுச் செய்தி வரும் இரவில் எண்ணிக்கை நாலு விதமாக வரும். சங்கம் சொல்வது, மீன்வளத்துறையின் டோக்கன் பதிவு, இலங்கைக் கடற்படையின் அறிக்கை, குடும்பத்தார் சொல்வது. இவற்றில் இரண்டு கணக்காவது ஒன்றோடொன்று பொருந்தும்வரை பொறுங்கள், அல்லது இன்னார் இத்தனை என்கிறார், இன்னார் இத்தனை என்கிறார் என்று இரண்டையும் போடுங்கள். பெயர்ப் பட்டியலைக் குடும்பத்துக்குத் தகவல் போவதற்கு முன் வெளியிடாதீர்கள்.

5. குற்றச்சாட்டுக்கு ஆளாகிறவரிடம் கேளுங்கள்

காகிதமும் கரையும் முடிந்து, எழுதி முடிக்கும் முன் இது வர வேண்டும். முன்னாலேயே போனால், மறுநாள் கோப்பு வேறு மேசைக்குப் போயிருக்கும். பேசியவர்கள் வீட்டு வாசலில் "நீதான் சொன்னியாமே" என்று யாராவது நிற்பார்கள். எழுதி முடித்த பிறகு போனால், பதிலை ஒப்புக்கு ஒரு வரியில் ஒட்டுவீர்கள், படிக்கிறவருக்கு அது தெரியும்.

எழுத்தில் கேளுங்கள். மரியாதை குறையாமல், குற்றம் சுமத்தாமல், காகிதத்தைச் சுட்டி:

"வணக்கம் ஐயா. மீன் உலர்தளப் பணி பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அளவீட்டுப் புத்தகத்தில் பணி முடிந்ததாகப் பதிவாகியுள்ளது. நேரில் பார்த்தபோது தளம் பூட்டியிருந்தது. 1) தளம் எப்போது பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது? 2) சாவி யாருடைய பொறுப்பில் உள்ளது? வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் தந்தால் முழுமையாகச் சேர்க்கிறேன்."

இரண்டு நாளாவது அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் கேட்ட தேதியையும் பதில் வராததையும் எழுதுங்கள். "மழுப்பினார்" என்று எழுதாதீர்கள். வரைவைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டாம். ஒருமுறை காட்டினால் அடுத்த முறை திருத்தம் கேட்பார்கள், அதற்கடுத்த முறை தலைப்பையே அவர்கள் சொல்வார்கள்.

"நேர்ல வாங்க தம்பி, டீ சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்று அழைப்பு வரும். போகலாம். டீ குடிக்கலாம். பதிலை மட்டும் திரும்பி வந்ததும் எழுத்தில் அனுப்பி, "தாங்கள் சொன்னது இதுதானே ஐயா" என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. எழுதும்போது

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள்: பார்த்தது என்றால் 'பா', காகிதம் என்றால் 'கா', கேட்டது என்றால் 'கே'. எதுவும் போட முடியாத வாக்கியம் உங்கள் ஊகம். அதை எடுத்துவிடுங்கள், அல்லது கருத்து என்று தெரியும்படி எழுதுங்கள். முதல் வரைவில் எவ்வளவு உதிரும் என்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். "கூறினார்" போதும். "ஒப்புக்கொண்டார்", "திணறினார்", "கொந்தளித்தார்" எல்லாம் உங்கள் தீர்ப்பைச் சொருகும் சொற்கள். முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்தவர் குற்றம்சாட்டப்பட்டவர்தான், குற்றவாளி அல்ல.

சாதி, மதப் பெயர் செய்திக்குத் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். தண்ணீர்க் குழாய்த் தகராறில் இரண்டு தெருவின் சாதியை எழுதினால், அடுத்த நாள் அது வேறு சண்டையாகிவிடும். பாகுபாடே செய்தி என்றால் கட்டாயம் எழுத வேண்டும், மறைப்பதுதான் தவறு. செப்டம்பர் 11 பரமக்குடி இம்மானுவேல் சேகரன் நினைவு தினமும் அக்டோபர் 30 பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் நிகழ்வும் வரும் நாட்களில் மாவட்டத்தில் காவல் கட்டுப்பாடுகள் இருக்கும், வதந்தியும் பெருகும். அந்த வாரங்களில் நேரில் பார்க்காத எதையும் நான் வெளியிடுவதில்லை.

7. வெளியிடும் முன் சட்டச் சல்லடை

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 499, 500 என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவதூறு இப்போது 356-ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமுதாய சேவை. உண்மையாகவும் பொதுநலனுக்காகவும் சொன்னது விதிவிலக்கு. பொது ஊழியரின் பொதுப்பணி பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்தும் விதிவிலக்கு. ஐந்தாவது படியில் அனுப்பிய கேள்விதான் அந்த நல்லெண்ணத்துக்குச் சாட்சி.

பிரிவினரிடையே பகை மூட்டுவது 196. பொய்யான தகவலாலோ வதந்தியாலோ மக்களிடையே பீதி கிளப்புவது 353. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 72. குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும். இதில் பள்ளிப் பெயரும் ஊர்ப் பெயரும்கூட அடையாளம்தான்.

8. வெளியிடுதல்

குறிப்பிட்ட இடைவெளியில் செய்தி அச்சிட்டு வெளியிடுவதென்றால் 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைகள் பதிவுச் சட்டப்படி பதிவு வேண்டும். 1867 சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது இது. தேர்தல் நேரத்தில் துண்டறிக்கை, சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி இல்லாமல் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ சொல்கிறது. உள்ளூர் அச்சகங்களில் இதைக் கவனிக்காமல் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். மாட்டினால் இருவரும் மாட்டுவீர்கள். கருத்துக்கணிப்பு வேலையில் இறங்கவே வேண்டாம். வாக்குப்பதிவு முடியும் முன் எக்ஸிட் போல் வெளியிடுவதை 126-ஏ தடுக்கிறது.

செல்போனில் அனுப்பும் படங்களில், படத்துக்குள்ளேயே தேதியும் உங்கள் பெயரும் இருக்கட்டும். புயல் எச்சரிக்கையும் கைதுச் செய்தியும் வருடம் கழித்து மறுபடி சுற்றும். தேதி இல்லாத படத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

9. பணம்

கூட்டத்துக்குப் போனால் கவர் கொடுப்பார்கள். வாங்காதீர்கள்; எல்லோரும் வாங்குகிறார்களே என்பது உண்மைதான், இருந்தாலும் வாங்காதீர்கள். வேட்பாளர் விளம்பரம், ஒப்பந்ததாரர் விளம்பரம் இரண்டும் வேண்டாம். ஜவுளிக்கடை, ஹோட்டல், டியூஷன் சென்டர் சரி.

வாசகர் சந்தா நல்ல வழி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவிலும் மலேசியாவிலும் ஆள் இல்லாத வீடு குறைவு. அவர்கள் ஆசையாக அனுப்புவார்கள். பதிவுபெற்ற பத்திரிகையின் ஆசிரியர், உரிமையாளர், வெளியீட்டாளர் வெளிநாட்டு நிதி வாங்க 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், பூர்வீகம் இதே தெருவாக இருந்தாலும். ஆகவே பணம் வாங்கும் முன் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டால் பின்னால் வங்கிக் கணக்கு முடங்கும்.

10. நோட்டீஸ் வந்தால், காவல் நிலையத்திலிருந்து அழைத்தால்

வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று செய்யக் கூடாதவை இரண்டு: எழுதியதை அழிப்பது, அனுப்பியவருக்குப் போன் போடுவது. அழித்தால் பயந்து ஒத்துக்கொண்டதாகும். போனில் பேசினால் பதிவாகும். நோட்டீஸையும், கட்டுரைக்கான காகிதக் கட்டையும், கேள்வி அனுப்பிய சான்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். நிறைய நோட்டீஸ்கள் மிரட்டலோடு நின்றுவிடும். அவதூறுக்காக நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு ஒரு வருடக் கெடு உண்டு. அதுவரையாவது கட்டைப் பத்திரமாக வையுங்கள், குற்ற வழக்குக்கான கெடு அதைவிட நீளம்.

காவல் நிலையத்திலிருந்து "சும்மா வந்துட்டுப் போங்க" என்று அழைத்தால், எழுத்தில் அழைப்பு தரும்படி பணிவாகக் கேளுங்கள். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் விசாரணைக்குச் சாட்சியாக நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. தனியாகப் போகாதீர்கள். போகும் முன் எங்கே, எத்தனை மணிக்கு என்று மூன்று பேருக்குச் செய்தி அனுப்புங்கள்.

மிரட்டல் வக்கீல் வழியாக மட்டும் வருவதில்லை. பெரியவர்கள் வழியாக வீட்டுக்கு வரும்: "பையனைக் கொஞ்சம் சொல்லி வைங்க." இதற்குச் சட்டப் பிரிவு இல்லை. எழுதத் தொடங்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து, இப்படி ஒரு நாள் வரும் என்று அப்பா அம்மாவிடம் சொல்லி வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

11. திருத்தம், தொடர்ச்சி

தவறு என்று தெரிந்தால் அன்றே திருத்துங்கள். முதலில் போன அதே இடத்துக்கு, அதே அளவில், எது தவறு எது சரி என்று இரண்டையும் சொல்லி. சத்தமில்லாமல் மாற்றினால் பழைய படம் யாருடைய போனிலாவது இருக்கும்.

தொடர்ச்சியில்தான் புதியவர்கள் களைத்துப்போகிறார்கள். உலர்தளக் கட்டுரை வந்ததும் ஒரு வாரம் பேச்சு இருக்கும், பிறகு அடங்கும். அதிகாரிகளுக்கும் அது தெரியும். ஆகவே வெளியிட்ட அன்றே இரண்டாவது நோட்டில் மூன்று தேதிகளைக் குறியுங்கள்: முப்பதாவது நாள் நேரில் போய்ப் பூட்டைப் பார்ப்பது, அடுத்த கிராம சபையில் சாவி பற்றிக் கேட்டுத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்வது, அந்தப் பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடுவது. மனுவுக்கான 10 ரூபாய் ஸ்டாம்பை அன்றே வாங்கி நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். கிராம சபை நாட்கள் பெரும்பாலும் விடுமுறை நாட்கள், ஸ்டாம்ப் விற்பவர் கடை திறந்திருக்காது.